மாமாவின் கோமாரி

அக்காவின் கணவருக்கு முதல் முறை அந்தப் புண் வந்தபோது அவர் அதைக் கோமாரி என்றார். மாட்டுக்கு வரும் கோமாரிதான். வாயிலும் குளம்பு இடுக்கிலும் மடியிலும் கொப்புளம் கட்டி, உடைந்து, புண்ணாகி, இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறிவிடும் நோய். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு செய்கிறவருக்கு அதைவிடப் பழகிய நோய் வேறு இருக்க முடியாது. ஆனால் மாமாவுக்கு வந்தது வாயிலும் இல்லை, காலிலும் இல்லை. இடுப்புக்குக் கீழே, வேட்டி மறைக்கிற இடத்தில்.

நான் அப்போது கோயமுத்தூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு வாராவாரம் மாட்டு விலை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தோம். சந்தை இருந்த பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. கொஞ்சம் கிழக்கே நடந்தால் சென்னை ராஜ்யம். சந்தையில் விலை துண்டுக்கடியில் விரலைப் பிடித்து முடியும் என்பதால் விற்றவர் ஒன்று சொல்வார், வாங்கியவர் வேறொன்று சொல்வார். நான் மாமாவைக் கேட்டு எழுதுவேன். மாட்டு விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கண்டதில்லை.

சந்தையில் வாங்கிய மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே வாணியங்குளம் வரை நடப்பார்கள். சில நடை அதையும் தாண்டித் திருச்சூர்ப் பக்கம் போகும். வழியில் தங்கல்கள் இருந்தன. அங்கே தண்ணீர்த் தொட்டி, வைக்கோல், கஞ்சிக்கடை எல்லாம் உண்டு. பெண்களும் உண்டு. அப்படி ஒரு நடை போய்த் திரும்பியவர் காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் விட்டதும் என்னை மாடு கட்டும் கட்டுத்தாரைக்குக் கூப்பிட்டார். மாடுகளுக்கு நடுவே கால்களை அகட்டி நின்றிருந்தார்.

"மாப்ள, கொஞ்சம் படிகாரம் வேணும். இங்க சந்தைக் கடையில கேக்காத. கொழிஞ்சாம்பாறை போயி வாங்கியா."

"எந்த மாட்டுக்குங்க?"

"எனக்குத்தான்." குரலைத் தாழ்த்தினார். "கோமாரி கண்ட ஒரு எருதுக்குப் பல்லுப் புடிச்சுப் பாத்தேன். கையக் கழுவாம ஒண்ணுக்குப் போயிட்டேன். கீழ வந்துருச்சு."

"டாக்டருகிட்டக் காட்டலாமுங்களே."

"டாக்டருகிட்டப் போனா பொம்பளச் சீக்குன்னு ஊரே பேசும். கோமாரின்னு சந்தையில சொன்னா நம்புவாங்க. ஆனா நான் தொட்ட மாட்ட ஒருத்தனும் வாங்க மாட்டான். எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான் கேடு. நீ வாயத் தொறக்காத."

மாட்டின் குளம்புக்குச் செய்வதைத்தான் தனக்கும் செய்துகொண்டார். படிகாரத் தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டார். எருதுகள் அந்த எண்ணெய்க்குத் துள்ளுவதன் காரணம் இப்போதுதான் புரிகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று வாரத்துக்குள் புண் ஆறியது. கோமாரி ஆறுகிற அதே கணக்கு. அடுத்த சந்தைக்குச் சாதாரணமாக நடந்து வந்தார்.

ஒன்றரை மாதம் போனதும் அதே இடத்தில் குறுகுறுப்பு. மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள். இந்த முறை காய்ச்சல் இல்லை, சீக்கிரமே ஆறியும்விட்டது. அதன் பிறகு இரண்டு மாதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது. ஒவ்வொரு முறைக்கும் அவரிடம் ஒரு மாடு இருந்தது. போன வாரம் எச்சில் ஒழுக நின்ற மயிலை மாடு, அதற்கு முன் பொள்ளாச்சியிலிருந்து வந்த கிழட்டு எருது.

அவர் உண்மையிலேயே நம்பினாரா என்று யாராவது கேட்டால், நம்பினார் என்றுதான் சொல்வேன். நம்ப வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. சான்றுகளும் இருந்தன. நாள் முழுவதும் அவர் கை மாட்டு வாய்க்குள் இருந்தது. கொப்புளம் அதே கொப்புளம். ஆறும் காலமும் ஏறத்தாழ அதுவே. தங்கலில் தங்கியதையும் கொப்புளத்தையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

நம்பியதற்கு இன்னொரு அடையாளம், அவர் பல் பிடிப்பதை விட்டுவிட்டார். மாட்டின் உதட்டைத் தூக்கி முன்பல்லை எண்ணாத தரகரை யாரும் கண்டதில்லை. சந்தையில் இது உடனே கண்ணில் பட்டது.

"ஏனுங்க மாப்ள, மாடு கடிச்சுப்போடுமுன்னு பயமா?" என்று மாமாவைச் சீண்டினார் கூடத் தரகு செய்கிற ஒருவர்.

"அவருக்கு மூஞ்சியப் பாத்தாலே வயசு தெரியுமப்பா. சோசியம் படிச்சிருக்காரு," என்றார் இன்னொருவர்.

புதுநகரத்திலிருந்து மாடு வாங்க வரும் ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவை ஓரமாக அழைத்துப் போனார். "சந்தையில கோமாரி கீமாரி இருந்தாச் சொல்லிப்போடுங்க. நான் ஊட்டுல பத்து உருப்படி வெச்சிருக்கேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் மாமா. அன்று மாலை வரை கையை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு பல் பிடித்தார்.

இதற்கிடையில் அக்கா கருவுற்றிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த கரு. மாமியார் வீட்டுச் சொல், கோயில், விரதம் எல்லாம் கடந்து வந்தது. அவள் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டாள். யாராவது வயிற்றைப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியது, கீழே கொப்புளம் வந்து புண்ணானது. நீர் பிரியும்போது வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். வெந்நீர் ஊற்றிய பெரிய அண்டாவில் உட்கார்ந்தால்தான் கொஞ்சமாவது போக முடிந்தது. இவற்றை அம்மா என்னிடம் சொன்னாள், வண்டி பிடிக்க வேண்டியிருந்ததால். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

மாமா முகம் வெளுத்துவிட்டது. "கட்டுத்தாரைப் பக்கமே வராதேன்னு சொன்னேன். தொட்டியக் கழுவறேன், கன்னுக்குட்டிய அவுக்கறேன்னு வந்தா," என்றார். அன்றுதான் அவர் அக்காவிடம் கோமாரியைப் பற்றிச் சொன்னார். எனக்கு வந்தது, இப்போது உனக்கும் வந்திருக்கிறது என்று. அக்கா கேட்டுக்கொண்டாள். அவளும் மாட்டோடு வளர்ந்தவள்தான். அவளுக்கும் அது பொருந்தியே பட்டது.

பொள்ளாச்சியில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினோம். அக்காவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "புருஷன் யாரு? உள்ளே வரச் சொல்லுங்க," என்றார். மாமா தெருமுனைக் கடையில் சோடா குடிக்கப் போயிருந்தார். நான் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. டாக்டர் பென்சிலின் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார். பத்து நாள் கழித்து ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. மாமா அதைக் கேட்டதும் வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுப் பேசினார். "பாத்தியா மாப்ள? பொம்பளச் சீக்கா இருந்தா ரத்தத்துல காட்டிக் குடுத்திருக்கும்."

புண் முழுக்க ஆறும் முன்பே வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல அழுகை.

குளிப்பாட்டித் துணியில் சுற்றிய குழந்தையை அம்மா அக்காவின் மடியில் வைக்கப் போனபோது, மாமா வாசற்படியில் நின்று, "பால் குடுக்க வேண்டாம்," என்றார்.

கோமாரி கண்ட பசுவிடம் கன்றை ஊட்ட விடமாட்டார்கள். பசு பிழைத்துக்கொள்ளும். அந்தப் பாலைக் குடித்த கன்று, துள்ளிக்கொண்டிருந்த கன்று, நின்ற இடத்தில் விழுந்து செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அக்காவே இரண்டு கன்றுகளை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

அம்மாவுக்கு இப்போதுதான் விஷயம் தெரிந்தது. "மனுசப் பொறப்பு என்ன மாடாங்க மாப்பிள்ளை? இதென்ன கூத்து!" என்றாள்.

அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்மா. அவிய சொல்றது சரிதான். ஆட்டுப்பால் குடுங்க," என்றாள்.

ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, திரியில் நனைத்துக் கொடுத்தார்கள். அக்காவின் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள் மாமா சந்தைக்குப் போயிருந்தபோது, குழந்தை நிறுத்தாமல் அழ, அம்மா அதட்டி ஒருமுறை பால் கொடுக்க வைத்தாள். அன்று குழந்தை நன்றாகத் தூங்கியது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ குழந்தையின் உச்சந்தலையில் கொப்புளங்கள் தெரிந்தன. கொத்தாக, அரிசி நொய் அளவில். பிறகு உடம்பு சுட்டது. பால் இறங்கவில்லை. ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு உடம்பு முழுவதும். வண்டி பூட்டிக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு, கைக்குழந்தைக்கு வரும் இழுப்பைப் பாலகிரக தோஷம் என்று எங்கள் ஆட்கள் சொல்வதை இங்கிலீஷில் சொன்னார்கள். மறுநாள் விடியும்போது குழந்தை இல்லை.

மாமா அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பால் குடுத்தியா?"

"ஒருக்காத்தானுங்க."

அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கத் தேவை இருக்கவில்லை. மாமா திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா ஒரு மாதம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள்.

அடுத்த வருடம் மாமாவுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தது. நடக்க முடியாமல் ஒரு நடையைப் பாதியில் விட்டு வந்தார். கோயமுத்தூரில் இந்த நோய்களுக்கென்றே இருந்த ஒரு டாக்டரை எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் சொன்னார்கள். வயதானவர், பட்டாளத்தில் இருந்தவர். மாமா கோமாரி என்று ஆரம்பித்ததும் அவர் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார். பிறகு திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டே பேசினார். எனக்கு அது ஏறத்தாழ அப்படியே நினைவிருக்கிறது.

"இந்த எடத்துல வர்ற புண்ணு ஒரே சாதி இல்லை. ஒத்தைப் புண்ணா வந்து, கெட்டியா இருந்து, வலியே இல்லாம இருந்தா அது ஒண்ணு. ரத்தத்துல தெரியும், பென்சிலினுக்குக் கேக்கும். வலியோட குழிப்புண்ணா வந்து, தொடை இடுக்குல அரையாப்பு கட்டிச் சீழ் வெச்சா அது வேற. அதுக்கும் மாத்திரை இருக்கு. உங்களது மூணாவது. கொப்புளமா வரும், போகும், மறுபடி வரும். அது உடம்பை விட்டுப் போறதில்லை. அதுக்கு மருந்து இங்கேயும் இல்லை, லண்டன்லேயும் இல்லை."

"மாட்டுல இருந்து..."

"மாட்டுல இருந்து வரலை. பொம்பளைகிட்ட இருந்து வந்தது. உங்ககிட்ட இருந்து சம்சாரத்துக்குப் போயிருக்கு."

மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பாலுல போகுமுங்களா?" என்றார்.

"போகாது."

குழந்தையைப் பற்றி நான் சொன்னேன். "தாய்க்குப் புண் புதுசா இருக்கறப்போ பிரசவம் ஆச்சுன்னா, பொறக்கும்போதே குழந்தைக்குப் பட்டிருக்கலாம். அப்படி ரெண்டு மூணு டாக்டருங்க எழுதியிருக்காங்க. நான் நிச்சயமாச் சொல்ல மாட்டேன். ஆனா பாலைக் குத்தம் சொல்லாதீங்க," என்றார்.

பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "அக்காகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்," என்றார். அவர் சொல்லவில்லை. ஊர் எல்லையில் மாநிலம் மாறியது, பலகைகள் மாறின, சந்தையில் சுங்கம் வாங்குகிறவர் மலையாளத்தில் ரசீது கொடுத்தார். மாமா சொல்லவில்லை.

கேரளம் ஆனதை அடுத்து வந்த தை மாதம் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. இதுவும் பெண். அக்கா யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை. பிறந்த அன்றே மல்லிகைப்பூ வாங்கி வரச் சொல்லி, மார்பில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது பெண்களுக்குத் தெரியும். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்தாள். அந்த வாரம் முழுவதும் வீடு கல்யாண வீடு போல மணத்தது.

பால் எந்தக் கெடுதலும் செய்யாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"எந்த டாக்டரு?"

"கோயமுத்தூர்ல."

"அவரு கன்னு விழுந்து செத்ததப் பாத்திருக்காரா?"

"அக்கா, இது கோமாரியே இல்லைங்கறாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கயிறு திரித்துக்கொண்டு கட்டுத்தாரை வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தாள். "கோமாரி இல்லீன்னா அப்பறம் என்னதுங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

மாமா எழுந்து எருதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டு போனார். அது அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்தது.

குழந்தைக்குக் கொப்புளம் எதுவும் வரவில்லை. எட்டு நாள் போயிற்று, பதினாறு போயிற்று, உடம்பு சுடவில்லை, கை வெட்டவில்லை. அக்காவுக்கு அதுவே சான்றாகிவிட்டது. பால் கொடுக்காததால்தான் பிழைத்தது என்றாள். அம்மாவும் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் ஆட்டுப்பால் செரிக்கவில்லை. மாட்டுப்பாலும் தண்ணீரும் கொடுத்தார்கள், டின் பால் வாங்கினார்கள், பார்லி கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் மாசியிலேயே வண்டலாகிவிடும். குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நிற்கும், மறுபடி போகும். கன்னம் ஒட்டியது. தொடைத் தோல் மடிந்து தொங்கியது. பொள்ளாச்சி டாக்டரிடம் தூக்கிப் போனபோது அவர் அக்காவிடம் சத்தம் போட்டார். "தாய்ப்பால் குடும்மா, தாய்ப்பால்! எத்தனை வாட்டி சொல்றது?"

அன்று வீடு திரும்பியதும், சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மாவும் நானும் இருக்கும்போதே மாமா சொன்னார்.

"மாட்டுல வந்தது இல்ல. நடை போனப்போ தங்கல்ல வந்தது. உனக்கும் என்கிட்ட இருந்துதான் வந்தது. பாலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மொதக் கொழந்தைக்கும் பாலால வரல. கோயமுத்தூர் டாக்டரு அப்பவே சொன்னாரு."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, குழந்தையை மார்பில் வைத்தாள். குழந்தை ஆவலாகப் பற்றியது. இழுத்துப் பார்த்தது, விட்டுவிட்டு அழுதது, மறுபடி பற்றியது. ஒன்றும் வரவில்லை.

அம்மா பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். சந்தைக்கு வரும் கருவாட்டுக்காரியிடம் சொல்லிச் சுறா வாங்கிப் புட்டு செய்தாள். அக்கா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். விடாமல் குழந்தையை வைத்துப் பார்த்தாள். சில துளிகள் கசிந்தன. அவ்வளவுதான். இரண்டு மாதம் கட்டி வைத்த மார்பு.

குழந்தை சித்திரையில் இறந்தது. ஈரத் துணியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். விழுங்குவது நின்றதை முதலில் அம்மாதான் கவனித்தாள்.

அடக்கம் முடிந்து வந்து மாமா கிணற்றடியில் குளித்தார். துக்கம் கேட்க வந்த பெண்கள் ஆட்டுப்பால் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பேசிவிட்டுப் போனார்கள். அக்கா மறுக்கவில்லை. வீட்டில் நாங்கள் நால்வர் மட்டும் ஆன பிறகு, மாமாவிடம் உலர்ந்த துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள். குரலில் கோபமும் இல்லை.

"ஏனுங்க, இத நீங்க தையிலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

மாமா துண்டை வாங்கிக் கையில் வைத்திருந்தார். துடைத்துக்கொள்ளவில்லை. "சொன்னா நீ போயிருவீன்னு நெனச்சேன்," என்றார்.

"எங்கீங்க போயிருப்பேன்?"

அம்மா உலை வைக்க உள்ளே போனாள். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போனாள்.